தேவைக்கூற்றும் நிதிநல்கையும்: மதுரை வட்டாரக் கல்விசார் நூலகங்களை முன்வைத்து

1901ஆம் ஆண்டில் சொற்பொழிவாற்ற மதுரைக்கு வந்த பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர், கம்பராமாயணமும் திருக்குறளும் தேடியும் நகரில் கிடைக்காமல் வருந்தினார் என்றொரு செய்தி வழங்கிவருகிறது. அவ்வாண்டு செப்டம்பரில் நான்காம் தமிழ்ச்சங்கம் நிறுவப்பெற்றது. பாண்டியன் புத்தகசாலை அதன் உறுப்பாயிற்று. செய்தியின் நுணுக்கங்கள் எவ்வாறாயினும், நிதிநல்கை விண்ணப்பத்தின் உயிர்ப்பகுதியான தேவைக்கூற்று அதனுள் முழுமையாக அமைந்துள்ளது. எந்த ஊர், எந்த நூல், யாருக்குத் தேவை, ஏன் கிடைக்கவில்லை என்பன அனைத்தும் தெளிவு. தேவையைக் கண்டவரும் பொருளீந்தவரும் ஒருவராக இருந்தமையால் எழுத்து வேண்டப்படவில்லை. இன்றைய நல்கையாளர் தில்லியிலோ இலண்டனிலோ இருக்கிறார்; அவர் காணாத அலமாரியைத் தாளில் காட்ட வேண்டியுள்ளது.

“எம் நூலகத்தில் அரிய நூல்கள் பல உள்ளன; அவை அழிந்து வருகின்றன” என்னும் தொடர் எந்நூலகத்திற்கும் பொருந்தும்; ஆதலால் எதற்கும் பயன்படாது. சுவடிக்கட்டுகள் எத்தனை, ஏடுகள் எத்தனை, பூச்சியரித்தவை எத்தனை, அச்சேறாதவை எவை, சென்ற ஆண்டில் அவற்றைக் கேட்டு வந்த ஆய்வாளர் எத்தனைபேர் என்பனவே மதிப்பீட்டாளரை நிறுத்திப் படிக்கச் செய்யும். முழுக் கணக்கெடுப்பு இயலாதவிடத்துப் பத்தடுக்குக்கு ஓரடுக்கு என எடுத்து எண்ணி, அம்முறையையும் குறிப்பிடலாம். விண்ணப்ப வரைவின் பெரும்பகுதி கணினிமுன் அன்று, அலமாரிமுன் பென்சிலும் தாளுமாக நிகழ்வது.

நல்கையாளரைத் தேர்வதில் நிகழும் பிழை கூடுதல் இழப்புத் தருவது. 1972இல் தோன்றிய இராஜாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளை முதன்மையாகப் பொதுநூலகங்களுக்கானது. கல்லூரி நூலகம் அதன் வாயிலில் காத்திருப்பதில் பயனில்லை. 2003இல் மைய அரசு தொடங்கிய தேசியச் சுவடி இயக்கத்தின் நோக்கு சுவடிகளை ஆவணப்படுத்தலும் பாதுகாத்தலுமாக இருந்தது. பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்தும் அழிநிலை ஆவணத் திட்டம், மூலங்கள் உரிய நாட்டிலேயே இருக்கவும் மின்படிகள் யாவர்க்கும் திறந்திருக்கவும் வேண்டும் என்கிறது. கள ஆய்வுக்கெனச் சிறு முன்னோட்ட நல்கையும் தருகிறது. புதிதாகத் தொடங்குவோர்க்கு அதுவே ஏற்றது. மின்படிகளை வெளியிட நிருவாகம் இசையுமா என்பதை விண்ணப்பத்திற்கு முன்பே எழுத்தில் பெறுதல் நன்று. நல்கை வந்தபின் எழும் தயக்கம் திட்டத்தை முடக்கிவிடும்.

வெளிநாட்டு நிதியெனில் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன்னனுமதியோ தேவை. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் அந்நிதி பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கிலேயே பெறப்படல் வேண்டும். நிருவாகச் செலவு 20 விழுக்காட்டைக் கடத்தலாகாது. பெற்ற நிதியைப் பிற அமைப்புக்கு மாற்றவும் இயலாது. ஆகவே, பதிவுபெற்ற அமைப்பின் பெயரில் நிதிபெற்றுப் பகிர்ந்துகொள்ளலாம் எனக் கருதும் சிறு நூலகம் தொடக்கத்திலேயே தடைப்படும்.

பொறுப்பேற்கும் நிறுவனம் ஒன்று அமைவதன் பயனுக்குச் செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பே சான்று. அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைக்கு வாங்கியது. எனினும் அது கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது.

வரவுசெலவுத் திட்டத்தில் வருடிக்கும் கணினிக்கும் விலைப்புள்ளி இணைப்போர், சுவடி படிப்பவரின் ஊதியத்தை மறந்துவிடுகின்றனர். புள்ளியிடாத மெய்யையும், எகர ஏகார வேறுபாடு காட்டாத கொம்பையும் இடமறிந்து படிப்பவர் இன்றி எடுக்கப்படும் படங்களுக்குத் தலைப்பும் இராது, பட்டியலும் இராது.