மணலினின்று மீண்ட பந்தய வண்டி

பழுதுற்றுக் கிடக்கும் பழைய பந்தய மோட்டார் வண்டியொன்றை வீட்டிற்குக் கொணர்ந்து புதுக்குதல் பலர்க்கும் பொழுதுபோக்காகவே தோன்றும். ஆயினும், அத்தொழிலினுள் ஆராயத்தக்க வினா ஒன்றுண்டு. சிதைந்தவற்றை நீக்கிப் புதியன பொருத்தியபின் அது பழைய வண்டியேயாகுமோ? புதுக்குவோன் எதனைக் காத்தல் வேண்டும்? இவற்றை விளக்குதற்குப் 'பாப்ஸ்' என்னும் வண்டியின் வரலாறு தக்க சான்றாகும்.

இதனை முதற்கண் கட்டுவித்தவர் லூயி ஸ்பொரோவ்ஸ்கி என்னும் செல்வர். முதல் உலகப்போர்க் காலத்து அமெரிக்க விமானங்கட்கென அமைந்த லிபர்ட்டி இயந்திரத்தை இதன்கண் பொருத்தினர். அது பன்னிரண்டு உருளைகளும் 27 லிட்டர் கொள்ளளவும் உடையது. 1924-இல் ஸ்பொரோவ்ஸ்கி இத்தாலிய நாட்டு மான்சாப் பந்தயத்தில் இறந்தார். பின்னர்ப் பாரி தாமஸ் என்னும் பொறிவல்லார் இவ்வண்டியை 125 பவுனுக்கு வாங்கித் திருத்தினார். 1926 ஏப்ரல் 28-ஆம் நாள் வேல்ஸ் நாட்டுப் பெண்டைன் கடற்கரையில் மணிக்கு 171 மைல் விரைவெய்தி, நிலத்திற் செல்லும் வண்டிகளுள் உலகச் சாதனையை நிறுவினார். அடுத்த ஆண்டு மால்கம் காம்ப்பெல் அதனை விஞ்சினார். இழந்த புகழை மீட்க முயன்ற தாமஸ், 1927 மார்ச் 3-ஆம் நாள் அக்கடற்கரையிலேயே வண்டி கவிழ உயிர்துறந்தார். அவருடல் இங்கிலாந்தில் பைஃப்ளீட் ஊர்க் கோயிலின்கண் அடக்கஞ் செய்யப்பெற்றது; வண்டியோ பெண்டைன் மணலிற் புதைக்கப்பட்டது.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1969-இல் ஓவன் வின் ஓவன் என்னும் பொறியியல் ஆசிரியர் இசைவு பெற்று அதனைத் தோண்டியெடுத்துத் தம் ஊர்க்குக் கொண்டுசென்றார். உப்பு நீர் பல பகுதிகளை அரித்திருந்தது. மேற்கூட்டைப் புதிதாகவே செய்ய வேண்டியதாயிற்று. அவர் பல்லாண்டு உழைத்து இயந்திரத்தை மீண்டும் முழங்கச் செய்தார்.

நினைவுச் சின்னம்போற் கிடந்ததைக் கிளறுதல் தகுமோ என்று வினவுதல் இயல்பே. ஆனால், மீட்டதனால் விளைந்த பயனொன்றை நாம் நோக்குதல் வேண்டும். இயக்கச் சங்கிலி அறுந்தமையே தாமஸின் மரணத்திற்குக் காரணம் என்று நெடுங்காலம் கூறிவந்தனர். மண்ணினின்று எடுத்த பகுதிகளை ஆராய்ந்த பின்னரோ, பின்சக்கரம் ஒன்று முறிந்ததே விபத்தின் தொடக்கம் என்னுங் கருத்து எழுந்தது. முறிந்த உறுப்புக்களைப் பயனற்றவையென எறிந்து, வண்டியைப் பளபளக்கச் செய்வதிலேயே கருத்தூன்றியிருப்பின் அச்சான்று அழிந்தே போயிருக்கும்.

ஆதலின், பழைய வண்டியை வீடு சேர்த்தவன் முதலிற் செய்யத்தக்கது திருத்துதலன்று. உள்ளது உள்ளவாறு காண்டலேயாம். பின்னர் ஒவ்வோர் உறுப்பையும் குறித்து வைத்தலும், கழற்றியவற்றைக் காத்தலும், புதியது இதுவெனப் பிறர்க்கு மறையாது உரைத்தலும் அவன் கடன். செல்லரித்த சுவடியைப் பதிப்பிப்போர் விடுபட்ட இடத்தைத் தம் சொல்லால் நிரப்பி, அதனைப் புலவர் வாக்கென்று கூறுதல் எத்துணைப் பிழையோ, அத்துணைப் பிழையே புதிய இரும்பைப் பழையதெனக் காட்டுதலும்.

மேற்கூடு புதிதாயினும் பாப்ஸ் பழைய பாப்ஸே என்பது நம் துணிபு. அதன் வரலாற்றை மறையாது தாங்கி நிற்றலே அதற்குக் காரணமாம். பழையனவற்றை மீட்கப் புகும் நாமும் கைவன்மையோடு வாய்மையையும் உடன்கொண்டு செல்வோமாக.