கல்லீரலைத் தொடாமல் போகும் குருதி

நாம் உண்ணும் சோறும் பருப்பும் செரித்தபின் அவற்றின் சத்து நேராக இதயத்துக்குப் போவதில்லை. குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றின் குருதியைத் திரட்டிக்கொண்டு போர்ட்டல் சிரை முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. இதை நாம் படம் வரைந்து பாகங்கள் குறித்துப் படித்திருக்கிறோம். அந்தச் சிரை கல்லீரலுக்குப் போகாவிட்டால்?

நம் ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அரைத்த மரவள்ளிக் கிழங்கின் பால் தொட்டியில் தங்கித் தெளிந்த பிறகே ஜவ்வரிசிக்கு மாவு கிடைக்கும். பால் தொட்டிக்கு வராமல் வேறு வாய்க்காலில் ஓடினால் எப்படியோ, அப்படியே சிலருக்குப் பிறவியிலேயே போர்ட்டல் சிரை கல்லீரலை விட்டு விலகிக் கீழ்ப்பெருஞ்சிரையில் கலந்துவிடுகிறது. கருவின் தொடக்க வாரங்களில் மறைய வேண்டிய சிரை மறையாமலும், நிலைக்க வேண்டியது மறைந்தும் போவதால் நேர்வது இது. மிக அரியது.

1793-ஆம் ஆண்டு லண்டனில் ஜான் அபர்நெதி என்னும் அறுவை மருத்துவர், இறந்துபோன பத்து மாதப் பெண் குழந்தை ஒன்றின் உடலில் இதைக் கண்டு எழுதினார். குழந்தை நல்ல சதைப்பிடிப்புடன் இருந்தது. பித்தப்பையில் பித்தநீரும் இருந்தது. போர்ட்டல் குருதியிலிருந்துதான் பித்தநீர் சுரக்கிறது என்று நம்பிய காலம் அது. தமனிக் குருதியைக் கொண்டே கல்லீரல் அதைச் செய்திருக்கிறது! இன்றும் இக்குறைபாடு அபர்நெதி பெயராலேயே வழங்குகிறது. 1994-இல் மார்கன், சூப்பரினா என்னும் இருவர் இதை வகைப்படுத்தினர். கல்லீரலுக்குப் போர்ட்டல் குருதி சிறிதும் போகாதது முதல் வகை. ஓரளவு போவது இரண்டாம் வகை. முதல் வகை பெண் குழந்தைகளிடமே மிகுதி.

வகுப்பறைக்கு வருவோம். புரத உணவிலிருந்து குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. குருதி கல்லீரலைச் சுற்றிப் போனால் அம்மோனியா மூளையை எட்டும். பிள்ளை தூங்கி வழியும், கவனம் சிதறும், படித்தது மறக்கும். நாம் அதற்கு வைக்கும் பெயர் சோம்பல். சிலருக்கு நுரையீரல் நாளங்கள் விரிந்து, மூச்சு வாங்கும். நகம் நீலம் பாரித்து விரல் நுனி தடிக்கும். கல்லீரல் நோய் என்றால் மஞ்சள் காமாலை, அதற்குக் கீழாநெல்லி என்றே நம் வீடுகளில் நினைக்கிறோம். இங்கோ பெரும்பாலும் கண் வெளுப்பாகவே இருக்கும். வழக்கமான கல்லீரல் சோதனைகளும் பெரிதாக எதையும் காட்டாமல் போகலாம். குருதியில் அம்மோனியாவை அளந்தும், டாப்ளர் ஸ்கேனில் குருதி ஓடும் திசையைப் பார்த்துமே பிடிக்க வேண்டும்.

இரண்டாம் வகையில், மெல்லிய குழாயைச் சிரைவழியே செலுத்தியோ அறுவை செய்தோ தவறான வாய்க்காலை அடைத்துவிடுகிறார்கள். அடைக்குமுன் சிறு பலூனால் தற்காலிகமாக மறித்து, கல்லீரல் அந்தக் குருதியைத் தாங்குமா என்று பார்ப்பதுண்டு. பிறகு சிறுத்திருந்த கல்லீரல் வளர்கிறது, மனமும் தெளிகிறது.

போர்ட்டல் சிரையின் கிளையே இல்லாத பிள்ளைக்கு, தொல்லை முற்றினால், மாற்றுக் கல்லீரல்தான் வழி. இந்தியாவில் குழந்தைக்கு அந்தச் சிகிச்சை முதன்முதலில் வெற்றி பெற்றது 1998 நவம்பரில், டில்லியில். பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த, இரண்டு வயதும் நிரம்பாத அச்சிறுவன் நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவன். கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் தந்தை. அச்சிறுவன் வளர்ந்து, மருத்துவம் படித்து, மருத்துவரானார்.