இரக்கமும் அளவும்

மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள்கள் எண்ணில. வீடும் வீதியும், கட்டிலும் கதவும், கலமும் கருவியும் அவன் ஆக்கியவையே. ஒரு பொருளின் நன்மை தீமையை ஆராயுங்கால் நாம் பெரும்பாலும் மூன்று வினாக்களையே எழுப்புகிறோம். அஃது உறுதியுடையதா? அழகுடையதா? விலை தக்கதா? இவை வேண்டிய வினாக்களே. ஆயினும், இவற்றோடு சேர்த்துக் கேட்கத்தக்க நான்காம் வினா ஒன்று உண்டு. இதனைப் பயன்படுத்துவோர் உடலும் உள்ளமும் என்ன பாடுபடும் என்பதை ஆக்கியோன் எண்ணிப் பார்த்தானா? இதுவே அவ்வினா.

பிறர் துயர் கண்டு இரங்குதல் நல்லோர் இயல்பு. ஆனால், இரக்கம் நெஞ்சளவில் நின்றுவிடின் அதனால் துயருற்றார்க்குப் பயன் விளையாது. அவ்விரக்கம் ஒரு கல்லின் உயரமாகவும், ஒரு நாற்காலியின் சாய்வாகவும், ஒரு விளக்கின் இடமாகவும் மாறவேண்டும். இரக்கம் அளவாக மாறும்பொழுதே கைவினை அறமாகின்றது. இவ்வுண்மையைச் சில சான்றுகளால் காண்போம்.

முற்காலத்தில் வண்டி வசதி எல்லார்க்கும் வாய்த்ததன்று. நெல்லும் உப்பும் விறகும் தலைச்சுமையாகவே ஊர்விட்டு ஊர் சென்றன. தலைச்சுமையுடன் நெடுவழி நடப்பார்க்கு உள்ள இடர் பாரம் ஒன்று மட்டும் அன்று. இளைப்பாற வேண்டின் சுமையை இறக்கவேண்டும். இறக்கவும், மீண்டும் தூக்கித் தலைமேல் வைக்கவும் மற்றொருவர் கை வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத வழியில் அக்கை எங்கே கிடைக்கும்? ஆதலின், கால் தளர்ந்த பின்னரும் அவர்கள் நடந்துகொண்டே இருக்க நேர்ந்தது.

இவ்விடரை உணர்ந்த நம் முன்னோர் சாலையோரங்களில் சுமைதாங்கிகளை நிறுவினர். இரண்டு கற்களை நேராக நட்டு, அவற்றின்மேல் நீண்ட கல் ஒன்றைக் குறுக்கே கிடத்தியதே சுமைதாங்கி. அமைப்பு மிக எளிது. ஆனால், அதன் உயரத்தைக் கருதிப் பாருங்கள். இடுப்பளவே உயர்ந்திருப்பின், சுமப்பவர் குனிய வேண்டும்; குனிந்தால் சுமை சரிந்து வீழும். தலைக்கு மேல் உயர்ந்திருப்பின், சுமையைத் தூக்கி ஏற்றவேண்டும். தனியொருவரால் அஃது இயலாது. தோளை ஒட்டிய உயரம் என்றால், முழங்காலைச் சிறிதே மடக்கித் தலைச்சுமையை அப்படியே கல்மேல் நகர்த்திவிடலாம். புறப்படும்பொழுது அவ்வாறே தலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பிறர் கை வேண்டியதில்லை. ஒரு முழம் குறைந்தாலும், ஒரு முழம் கூடினாலும் அது வெறுங்கல்லே. உரிய அளவில் நின்றமையால் அது துணைவனாயிற்று.

கருவுற்ற நிலையில், மகப்பேறு காணாமல் இறந்துபட்ட மகளிரின் நினைவாகச் சுமைதாங்கி நிறுவும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. தன் வயிற்றுச் சுமையை இறக்காமலே மறைந்தாளே என்று வருந்திய சுற்றத்தார், வழிச்செல்வோர் தம் சுமையை இறக்க ஓர் இடம் அமைத்து, அவ்வருத்தத்தை ஒருவாறு ஆற்றிக்கொண்டனர். ஒருவர் துயரம் மற்றவர்க்கு ஆறுதலாய் மாறிய இவ்வழக்கம் எண்ணுந்தோறும் உள்ளத்தை உருக்குவதாகும்.

மக்களுக்கு மட்டுமன்றி, வாயில்லா உயிர்க்கும் இவ்வாறு செய்தனர். பசுவுக்கு முதுகிலும் கழுத்திலும் தினவு எடுத்தால் சொறிந்துகொள்ளக் கை இல்லை. ஆதலால், நீர்நிலைகளின் அருகிலும் மேய்ச்சல் நிலங்களிலும் அது உரசிக்கொள்வதற்கென்று கல் நட்டனர். இதனை ஆவுரிஞ்சுதறி என்பர். முப்பத்திரண்டு அறங்களுள் இதுவும் ஒன்றாக எண்ணப்பட்டது. பசு தன் குறையைச் சொல்லாது. அதனைக் கண்டு உணர்வாரே அறிய வல்லார்.

சுமைதாங்கியை நிறுவியவர், நின்றும் நடந்தும் வருந்துவாரின் துயரை உணர்ந்தனர். நிற்கவும் மாட்டாது படுக்கையிற் கிடப்பாரின் துயரை உணர்ந்து, ஒரு கட்டடம் முழுவதையும் அவர்க்கேற்ப அமைத்த ஒருவர் வரலாற்றை இனிக் காண்போம்.

ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ளது பின்லாந்து நாடு. அந்நாட்டில் துர்க்கு நகருக்கு அண்மையில் பைமியோ என்னும் ஊர் உண்டு. ஊரை அடுத்த பைன் மரக்காட்டின் நடுவே காசநோயாளர்க்கென ஒரு மருத்துவமனை கட்டி முடிக்கப்பெற்று, 1933ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதனை வகுத்தவர் ஆல்வர் ஆல்ட்டோ என்னும் கட்டடக் கலைஞர். அவர் 1898 முதல் 1976 வரை வாழ்ந்தவர். அவருடைய மனைவியாராகிய ஐனோ ஆல்ட்டோவும் கட்டடக் கலைஞரே. அவரும் இப்பணியில் துணை நின்றார்.

அக்காலத்தில் காசநோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து கண்டறியப்பட்டது 1943ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர்த் தூய காற்றும், வெயிலும், நல்லுணவும், நீண்ட ஓய்வுமே நோயாளர்க்கு மருந்தாக அளிக்கப்பட்டன. அவர்கள் திங்கள் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் படுக்கையிலேயே கிடந்தனர். பிழைப்போமா, மாய்வோமா என்ற அச்சம் அவர்களை இரவும் பகலும் வருத்தியது. அத்தகையோர்க்கு அவர்கள் கிடக்கும் அறையே உலகமாக இருந்தது.

ஆல்ட்டோ ஓர் உண்மையைக் கண்டார். உலகில் உள்ள அறைகள் எல்லாம் நிற்பவனுக்கும் நடப்பவனுக்கும் ஏற்றவாறே கட்டப்படுகின்றன. நோயாளனோ படுத்திருப்பவன். நிற்பவன் காண்பது சுவர். படுத்திருப்பவன் காண்பது கூரையின் உட்புறம். நிற்பவன் தலைக்கு மேல் உள்ள விளக்கு அவனுக்கு வழிகாட்டுகிறது. படுத்திருப்பவன் கண்ணையோ அது குத்துகிறது. ஆகவே, நோயாளன் அறையைப் படுத்திருப்பவன் கண்ணால் நோக்கியே வகுக்கவேண்டும் என அவர் துணிந்தார்.

அத்துணிவு அளவுகளாக மாறிய வகையைக் காண்க. அறையின் உட்கூரைக்குக் கண் கூசும் வெண்மையை நீக்கி, அமைதி தரும் பசுமை வண்ணம் தீட்டினார். படுத்தவாறு நோக்குவோர் கண்ணில் நேரே படாத இடத்தில் விளக்கைப் பொருத்தினார். குளிர் மிகுந்த அந்நாட்டில் அறைக்கு வெப்பம் ஊட்டுதல் இன்றியமையாதது. அவ்வெப்பம் தலைமேல் விழுந்தால் நோயாளர் சோர்வர். கால்களோ குளிரில் விறைக்கும். ஆதலின், மேலிருந்து வரும் வெப்பம் தலையை விடுத்துக் காற்புறம் படருமாறு அமைத்தார். சாளரங்களை இரட்டைக் கண்ணாடியால் ஆக்கினார். வெளிக்காற்று அவற்றினிடையே சாய்வாய்ப் புகுந்து, குளிர் தணிந்த பின்னரே அறைக்குள் வந்தது. தூய காற்றும் வேண்டும், அது நோயாளர் உடலைத் தாக்கவும் கூடாது என்னும் இருவகைத் தேவையும் இதனால் நிறைவேறின.

ஓர் அறையில் இருவர் தங்கினர். ஒருவர் இரவில் எழுந்து கைகழுவினால், நீர் விழும் ஓசை மற்றவர் உறக்கத்தைக் கெடுக்கும். நோயாளர்க்கு உறக்கம் மருந்தன்றோ! ஆதலின், நீர்த்தாரை நேரே மோதாமல் சாய்ந்த பரப்பின்மேல் வழுக்கி இறங்கும்படி கழுவுதொட்டியின் வடிவத்தைத் திருத்தினார் ஆல்ட்டோ. ஓசை அடங்கிற்று. ஒருவர் தேவை மற்றவர்க்கு இடராகாத நிலை, ஒரு பீங்கான் தொட்டியின் சாய்வினால் உண்டாயிற்று.

கதவின் கைப்பிடிகளையும் அவர் மறந்தாரல்லர். மருத்துவர்கள் அணியும் நீண்ட வெள்ளங்கியின் கை, கைப்பிடியின் முனையில் சிக்கி இழுபடுவது உண்டு. சிக்காதவாறு முனை உள்வளைந்த கைப்பிடிகளை அவர் வகுத்தார். படிக்கட்டுகளின் தளத்திற்கு மஞ்சள் வண்ணம் தந்தார். வெயில் அரிதாகிய நீண்ட பனிக்காலத்தில், அவ்வண்ணம் வெயிலின் நினைவை அளித்தது.

அங்கே நோயாளர் அமர்வதற்கென அவர் செய்த நாற்காலி உலகப் புகழ் பெற்றது. அக்காலத்தில் இரும்புக் குழாய் நாற்காலிகள் புதுமையாகப் போற்றப்பட்டன. அவை உறுதியானவை, துடைப்பதற்கும் எளியவை. ஆனால், தொட்டால் குளிர்ந்தன. ஒளியை எறிந்து கண்ணை உறுத்தின. நலிந்த உடலுக்கு அவை ஏற்றன அல்ல என்று கருதிய ஆல்ட்டோ, தம் நாட்டில் மிகுதியாக வளரும் பிர்ச்சு மரத்தை நாடினார். மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி வளைத்து, இருக்கையும் முதுகும் ஒரே பலகையாய் அமைந்த நாற்காலியை ஆக்கினார். மார்பு ஒடுங்காமல் மூச்சு எளிதாக ஓடும் வண்ணம் முதுகின் சாய்வு அமைக்கப்பட்டது. மருந்து கொடுக்க இயலாத காலத்தில், மூச்சு விடுவதையேனும் எளிதாக்க ஒரு தச்சு வேலை உதவிற்று. காசநோய்க்கு மருந்துகள் வந்த பின்னர் அம்மருத்துவமனை பொது மருத்துவமனையாக மாறியது. அந்நாற்காலியோ இன்றும் செய்யப்பட்டு வருகிறது.

நடப்பவர், படுத்திருப்பவர் ஆகியோர் துயரைக் கண்டோம். கண் பார்வை இல்லாதார் தெருவில் நடக்கும்பொழுது அவர்க்கு வழிகாட்டுவது யாது? காலே அவர்க்குக் கண்ணாதல் வேண்டும். ஜப்பான் நாட்டினராகிய செயிச்சி மியாக்கே என்பவர், பார்வை குன்றிவந்த நண்பர் ஒருவர்க்கு உதவக் கருதி, 1965ஆம் ஆண்டில் புடைப்புகள் கொண்ட நடைபாதைக் கல்லைக் கண்டுபிடித்தார். அது 1967ஆம் ஆண்டில் ஒக்கயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளியை அடுத்த சாலையில் முதன்முதல் பதிக்கப்பட்டது. நீண்ட கோடுகள் இருப்பின் செல்க என்பது பொருள். வட்டப் புள்ளிகள் இருப்பின் நிற்க என்பது பொருள். அந்நாட்டில் அப்புடைப்பின் உயரம் 5 மில்லிமீட்டர் என வரையறுக்கப்பட்டுள்ளது. அதனினும் மிகத் தாழ்ந்தால் கால் உணராது; மிக உயர்ந்தால் பிறர் கால் இடறும். பின்னாளில் இக்கற்கள் பல நாடுகளிலும் பரவின. சென்னை மெட்ரோ இரயில் நிலையங்களில் மஞ்சள் நிறத்தில் காணப்படுவன இவ்வகையினவே. அவற்றின்மேல் பொருள்களை வைத்து மறைத்தல் ஒருவர் கண்ணை மறைத்தலை ஒக்கும் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அதே ஜப்பான் நாட்டில், உணர்ச்சியை அளவாக மாற்றுவதையே ஒரு துறையாக வளர்த்தனர். ஹிரோஷிமாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மிட்சுவோ நாகமாச்சி என்னும் அறிஞர் 1970க்குப் பின்னர் இத்துறையை உருவாக்கினார். கன்செய் என்பது ஜப்பானிய மொழியில் ஒன்றைக் கண்டும் தொட்டும் கேட்டும் உள்ளத்தில் எழும் உணர்வைக் குறிக்கும் சொல். அச்சொல்லால் இத்துறை கன்செய்ப் பொறியியல் எனப்பட்டது. ஒரு பொருளைப் பற்றி மக்கள் வழங்கும் சொற்களை முதலில் திரட்டுவர். இதமானது, கடினமானது, அச்சம் தருவது என்பன போன்ற சொற்கள் அவை. பின்னர் பலவகை மாதிரிகளைக் காட்டி, ஒவ்வொரு சொல்லும் எந்த அளவுக்குப் பொருந்தும் என மக்களையே மதிப்பிடச் செய்வர். அவ்விடைகளைக் கணித முறையால் ஆராய்ந்து, எந்த வடிவம், எந்த நிறம், எந்த அளவு எந்த உணர்வைத் தருகிறது என்று காண்பர். சொல்லை ஆராய்ந்து உள்ளத்தை அறியும் இம்முறை, மொழி பயிலும் நமக்கு வியப்பளிப்பதாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பிறர் உள்ளத்தை அறிவார் எல்லாரும் அவர்க்கு நன்மையே செய்வர் என்பதற்கில்லை. தூண்டிற்காரனும் மீனின் விருப்பத்தை நன்கு அறிந்தவனே. அறிந்தே அவன் இரையைக் கோக்கிறான். சில கடைகளில் தின்பண்டங்களைச் சிறுவர் கண்ணுக்கு நேரான உயரத்தில் அடுக்கி வைக்கின்றனர். அதுவும் உயரம் அறிந்து செய்த செயலே. சுமைதாங்கியும் உயரம் அறிந்து செய்ததே. இரண்டற்கும் உள்ள வேறுபாடு யாது? ஒன்று வருவோர் சுமையை இறக்குகிறது. மற்றொன்று வருவோர் பையை இறக்குகிறது. ஆதலின், அளவறிந்து ஆக்கிய பொருளைக் காணும்பொழுது, அதனால் யாருடைய சுமை குறைகிறது என்று ஆராய்தல் வேண்டும்.

மாணவர்களே, உங்களுள் தச்சராவோரும் பொறியாளராவோரும், தையற்கலை பயில்வோரும் நாளை வீடு கட்டுவோரும் உளர். வலக்கைப் புறம் மட்டும் எழுதுபலகை பொருத்திய நாற்காலிகளை நீங்கள் கண்டிருக்கக் கூடும். இடக்கையால் எழுதும் மாணவன் அதில் அமர்ந்து, உடலைத் திருகிக்கொண்டு தேர்வு எழுதுகிறான். அதனைச் செய்தவர் கொடியவர் அல்லர். அம்மாணவனை அவர் நினைக்கவில்லை, அவ்வளவே. நினையாமையால் விளையும் துன்பம் நினைத்துச் செய்யும் துன்பத்திற்குக் குறைந்ததன்று. அது குறைகூறப்படாமலே நெடுங்காலம் நிலைத்து நிற்பதும் உண்டு.

ஆகவே, நாற்காலி செய்வோர் அதில் நெடுநேரம் அமர்ந்து பார்க்கவேண்டும். நோயாளர் அறையை வகுப்போர் ஒரு நாழிகையேனும் படுத்துப் பார்க்கவேண்டும். தெருவை அமைப்போர் கண்ணை மூடி, துணைவர் ஒருவர் உடன்வர நடந்து பார்க்கவேண்டும். உணர்ந்ததைப் பின்னர் முழக்கோல் கொண்டு அளந்து குறித்தல் வேண்டும். உள்ளத்தில் இரக்கமும், கையில் அளவுகோலும் ஒருங்கு உடையோரே பொருள் ஆக்கத் தகுதி உடையோர் ஆவர்.