எபிரேயர் நிறுத்திய கல்

பழைய எபிரேயர் கடவுளுக்கு உருவம் அமையாதவர், கல்லையும் மரத்தையும் வணங்குதலை அறவே வெறுத்தவர் என்பது பலரும் கேட்டிருக்குஞ் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாதிரிமார் நம்மவரைக் கல்வணங்கிகள் என்று இகழ்ந்தபோது எடுத்துக் காட்டியதும் அவ்வெபிரேயர் விலக்கையே. அவர்க்கு விடையாக யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் 1854-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சைவதூஷணபரிகாரம்', எபிரேயருடைய மறைநூலையே சான்றாகக் கொண்டு, அவர் கோயிற் கிரியைகளுக்கும் சைவக் கிரியைகளுக்கும் உள்ள ஒப்புமையை எடுத்துரைத்தது. பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவராதலின், அந்நூல் நாவலரவர்கட்கு உள்ளங்கை நெல்லிக்கனியாய் இருந்தது. ஆயினும் அவர்கட்குக் கிடைத்தது ஏடு ஒன்றே. மண்ணுள் மறைந்து கிடந்த எபிரேயர் கோயில் ஒன்று அவர்கள் காலத்திற்குப் பின்னரே வெளிப்பட்டது. ஏடு கூறியதற்கு அக்கோயில் எவ்வளவு சான்றாம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

எபிரேய மொழியில் 'மஸ்ஸேபா' என்பதொரு சொல். நிற்றற் பொருட்டாகிய வேரினின்று பிறந்த அச்சொற்கு நிறுத்தப்பட்ட கல் என்பது பொருள். யாக்கோபு என்பான் தலைக்கு வைத்துத் துயின்ற கல்லை வைகறையில் எழுந்து நிறுத்தி, அதன்மேல் எண்ணெய் வார்த்து, அவ்விடத்திற்குப் பெத்தேல், அஃதாவது கடவுளின் இல்லம், என்று பெயரிட்டான் என ஆதியாகமம் கூறும். மோசே மலையடியிற் பன்னிரு குலத்துக்கும் பன்னிரு கல் நிறுத்தினான் என யாத்திராகமம் கூறும். உபாகமமோ, அத்தகைய கல்லை நிறுத்துதல் கடவுளுக்கு வெறுப்பாவது என்று விலக்குகின்றது. முன்னோர் செய்ததாகப் போற்றிய ஒன்றை அத்தொகுதியே பின்னர் விலக்குதல் என்னையெனின், வெவ்வேறு காலத்து வழக்குகள் அதன்கட் கலந்து நிற்றலான் என்க. யாக்கோபு தன் மனைவி ராகேலின் கல்லறைமேலும் ஒரு கல் நிறுத்தினான். மாமனாகிய லாபானோடு செய்த உடன்படிக்கைக்குச் சான்றாகவும் ஒன்று நிறுத்தினான். ஆதலின் கல் நின்ற இடமெல்லாம் வழிபாடு நிகழ்ந்த இடம் என்று கொள்ளற்க. அது நின்ற சூழலை நோக்கியே துணிதல் வேண்டும்.

அச்சூழல் ஐயமின்றிப் புலப்படுவது ஆராத்தில். யூதா நாட்டின் தென்னெல்லையில், நெகேவ் என்னும் வறண்ட நிலத்தின் வடபாகத்தே உள்ள மேடு அது. யோகனான் அகரோனி என்னும் ஆராய்ச்சியாளர் 1962 முதல் 1967 வரை அதனை அகழ்ந்தபோது யூதா அரசர்தம் எல்லைக் கோட்டை வெளிப்பட்டது. கோட்டையின் வடமேற்கு மூலையில் ஒரு கோயிலும் வெளிப்பட்டது. முன்றிலிற் பலிபீடம், அதனை அடுத்து அகன்ற மண்டபம், மண்டபத்தின் மேற்கே படியேறிப் புகும் சிறிய உள்ளறை. உளி படாத கல்லாற் பீடம் அமைக்க என்பது யாத்திராகம விதி. இம்முன்றிற் பீடமும் பொளியாத கல்லும் மண்ணும் கொண்டே கட்டப்பட்டது. உள்ளறையில் மனித உருவமோ விலங்குருவமோ யாதும் இல்லை. அதற்குரியதாகக் கிடைத்தது, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமுடையதும், நன்கு இழைக்கப்பட்டதும், செந்நிறம் பூசிய சுவடு உடையதுமாகிய ஒரு நிறுத்தற்கல். வேறு கற்களும் உடன் நின்றன என்பாரும், அவை சுவரிற் பதித்த வெறுங் கற்களே என்பாரும் உளர். அவ்வழக்கு ஈண்டு வேண்டா. ஒரு கல்லே போதும்.

உள்ளறைப் படியருகே சுண்ணாம்புக் கல்லாலாகிய தூபபீடங்கள் இரண்டு இருந்தன. ஒன்றன் உயரம் ஏறக்குறைய 52 செண்டிமீட்டர், மற்றொன்று 40. இரண்டன் தலையிலும் எரிந்து கறுத்த படிவு ஒட்டியிருந்தது. அஃது இன்னதென்று நெடுங்காலம் துணியப்படவில்லை. 2020-ஆம் ஆண்டில் ஏரன் ஆரியே முதலியோர் இரசாயன முறையால் ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். பெரியதில் எரிந்தது விலங்குக் கொழுப்பொடு கலந்த குந்துருக்கம். அரபு நாட்டிலிருந்து வணிகர் கொணர்ந்த விலையுயர்ந்த பிசின். சிறியதில் எரிந்தது கஞ்சா. விரைந்து எரிந்து போகாவாறு விலங்கின் சாணத்தொடு சேர்த்துப் புகைத்திருக்கின்றனர். குந்துருக்கம் யாத்திராகமம் வகுத்த தூபக் கலவையிலும் உண்டு. கஞ்சா அக்கலவையில் இல்லை. குருமார் தம் மனநிலையை வேறுபடுத்தற்கே அதனைப் புகைத்தனர் என்பது ஆராய்ந்தார் கருத்து. மணத்தின் பொருட்டாயின் அதனினும் நல்லன பல உளவாதலின், அக்கருத்தைத் தள்ளுதல் அரிது. இதனைக் கேட்டு நகைப்பார் சிலர், முகஞ் சுளிப்பார் சிலர். இரண்டும் ஆராய்ச்சிக்கு உதவா. விதிநூல் ஒன்று சொல்ல, கோயில் வழக்கு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ளும் என்பது எந்நாட்டார்க்கும் பொது.

அக்கோயில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. தூபபீடங்கள் உடைக்கப்படவில்லை; பக்கவாட்டிற் கிடத்தி மண்ணிட்டு மூடப்பட்டிருந்தன. பகைவர் கைச்செயல் அன்று அது. தம் தெய்வத்துக்குரியதைத் தாமே அடக்கஞ் செய்தாரது செயல் போலும். எருசலேமுக்குப் புறத்தேயுள்ள வழிபாட்டிடங்களை எசேக்கியா அரசன் நீக்கி, நிறுத்தற்கற்களைத் தகர்த்தான் என இராசாக்களின் ஆகமம் கூறும். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆராத்துக் கோயில் மூடப்பட்டமை அதனொடு பொருந்தும் என்பர் செயேவ் ஹெர்சாக். பொருந்தாது என்று மறுப்பாரும் உளர். பெயெர்செபா என்னும் ஊரிற் கொம்புடைய பலிபீடம் ஒன்றன் கற்கள், பண்டகசாலைச் சுவரிற் சாதாரணக் கட்டடக் கல்லாகப் பயன்பட்டிருக்க, 1973-இற் கண்டெடுக்கப்பட்டன. அவையோ உளியாற் செதுக்கியவை. ஒன்றில் பாம்பு வடிவமும் கீறப்பட்டுளது. ஆராத்தில் காக்கப்பட்ட விதி அங்குக் காக்கப்படவில்லை.

நிறுத்தற்கல் எபிரேயர்க்கே உரியதும் அன்று. கேசேரில் மக்காலிஸ்டர் கண்ட பத்துப் பெருங்கற்களும், ஆத்சோரில் இகாயேல் யாதின் கண்ட கல்வரிசையும் அவர்க்கு முற்பட்ட கானானியருடையன. ஆத்சோர்க் கற்களுள் ஒன்றில் பிறைக்கீழ் ஏந்திய இரு கைகள் பொறிக்கப்பட்டுள. அப்பழைய வழக்கையே எபிரேயரும் கொண்டனர் என்பது வெளிப்படை. செமித்தியர் நிறுத்திய கல்லே முதலிற் பீடமும் தெய்வ உறைவிடமுமாய் நின்றது என இராபர்ட்சன் ஸ்மித் 1889-இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். விவிலிய ஆராய்ச்சி காரணமாக 1881-இல் ஆசிரியப் பதவியை இழந்தவர் அவர், துணிந்தே எழுதினார். சுவீடன் நாட்டு மெட்டிங்கர் 1995-இற் கூறியது இன்னும் நுட்பமானது. உருவமில்லாத வழிபாடு இருவகைத்து: உருவம் அமையாமலே வழிவழி வந்த இயல்பான வழக்கு ஒன்று, உருவம் கூடாது என விதித்து அழிப்பது மற்றொன்று. ஆராத்துக் கல் முன்னையது. உபாகமம் பின்னையது. கல் நின்ற வழக்கினின்றே கல்லை வெறுக்கும் விதி முளைத்தது என்பது இதன் பயன். யாமும் இதனை உடன்படுகின்றோம்.

இதனைப் படிக்கும் சைவ அன்பர்கட்கு ஒரு வேட்கை எழும், எமக்கும் எழுந்தது. அக்கல் சிவலிங்கமே எனவும், எபிரேயர் பழஞ்சைவரே எனவும் கூறிவிட நாத் துடிக்கும். அங்ஙனம் எழுதினாரும் உளர். அது சாலாது. இலிங்கம் அருவுருவத் திருமேனி என்பது ஆகமத் துணிபு. அத்துணிபின்றி வெறும் வடிவொப்புமை இலிங்கம் ஆகாது. ஆராத்துக் குருமார் அக்கல்லைக் கடவுளாகக் கொண்டனரோ, கடவுள் வந்து தங்கும் இடமாகக் கொண்டனரோ, அவன் பெயர் நிற்கும் அடையாளமாகக் கொண்டனரோ, கல் சொல்லவில்லை. நம் நாட்டோடு அவ்வழிபாட்டை இணைக்கும் எழுத்தும் இல்லை, பொருளும் இல்லை. கல்லை முன்னிறுத்தி வழிபட்டார் கடவுளை அறியாதார் ஆகார் என்னும் அளவிற்கே அது நமக்குச் சான்று. நாவலரவர்கள் வழக்கிற்கு அவ்வளவே வேண்டியது.

கோயில் மறைந்த பின்னும் கோட்டையில் வாழ்வு நிகழ்ந்தது. அங்குக் கிடைத்த ஓட்டுச் சில்லுகளில் மையால் எழுதிய எபிரேயக் கடிதங்கள் பல, எலியாசீபு என்னும் தலைவனுக்கு வந்தவை. மாவும் எண்ணெயும் திராட்சை மதுவும் இன்னார்க்குக் கொடுக்க என்பன போன்ற கட்டளைகள். கி.மு. 600-ஐ ஒட்டியதாகிய ஒன்றில், ஒருவன் யாவேயின் இல்லத்தில் இருக்கின்றான் என்றொரு வரி வருகின்றது. அக்காலத்து ஆராத்தில் அத்தகைய இல்லம் இல்லை; எருசலேம் கோயிலையே அது குறிக்கும் என்பர் பலர்.