நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு கார்: அடி அண்ணாமலையிலிருந்து ஒரு கணக்கு

கார் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்தாலே முதல் கேள்வி "எந்த வண்டி?" என்றுதான் வரும். அதில் யார் யார் ஏறுவார்கள், எங்கே எங்கே போவார்கள் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சில வீடுகளில் வருவதே இல்லை. இருபத்தைந்து வயதில் பைக் வாங்கும்போது அப்படி இருந்தால் பரவாயில்லை. நாற்பத்தைந்து வயதில், பத்தாவது படிக்கிற பிள்ளை, மூட்டு வலியுள்ள அம்மா, வீட்டுக் கடன் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது, பொருந்தாத வண்டியை வாங்கினால் அதற்கும் சேர்த்து ஐந்து, ஏழு வருஷம் டியூ கட்ட வேண்டும்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் குடியிருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை மனதில் வைத்து இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. எந்த நிறுவனத்தின் வண்டியையும் இது பரிந்துரைக்கவில்லை. கணக்கு போடும் முறையைத்தான் சொல்கிறது. உங்கள் ஊருக்கு ஏற்றபடி எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு தாளில் பயணங்களை எழுதுங்கள்

பெரிய கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. அடி அண்ணாமலை மலைக்குப் பின்பக்கம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் மேல். பள்ளி, மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட், வங்கி என்று அன்றாடப் பயணம் எல்லாமே சில கிலோமீட்டர்தான். மெதுவாகத்தான் போக முடியும். பௌர்ணமி இல்லாத நாளிலும் இந்தச் சாலையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் எந்த நேரமும் இருப்பார்கள். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை நீண்ட பயணம் வரும்: வேலூர் மருத்துவமனைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல், புதுச்சேரி ஜிப்மருக்கு 100 கிலோமீட்டருக்கு மேல், சென்னைக்கு ஏறக்குறைய 200.

இதை எழுதிப் பார்த்தால் பல வீடுகளில் மாதம் 500 கிலோமீட்டரைத் தாண்டாது. அப்போது மைலேஜ் கணக்கே மாறிவிடும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு மாதம் சுமார் 28 லிட்டர் வேண்டும். 22 தரும் வண்டிக்கு சுமார் 23 லிட்டர். வித்தியாசம் 5 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 500 ரூபாய்தான். இந்த 500 ரூபாய்க்காக ஏறி இறங்கக் கஷ்டமான வண்டியை வாங்குகிறவர்கள் நிறைய.

டீசல் வண்டிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து வெளியேற வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். தினமும் மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டும் உருட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், சர்வீஸ் செலவு ஏறும். கிரிவலப் பாதைக்குள் சுற்றுகிற வீட்டுக்கு டீசல் சரிப்படாது என்பதே என் கருத்து.

பௌர்ணமியையும், கார்த்திகை தீபத்தையும் அதே தாளில் எழுதுங்கள். அந்த நாட்களில் கிரிவலப் பாதையில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் அன்றைக்கு வாசலில்தான் நிற்கும். மறுநாள் காலை வேலூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால், கட்டுப்பாடு தொடங்குவதற்கு முன்பே பாதைக்கு வெளியே சொந்தக்காரர் வீட்டில் வண்டியை விட்டுவைப்பதுதான் வழி. மருத்துவமனைத் தேதி வாங்கும்போதே காலண்டரைப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

மூட்டும் கண்ணும் சொல்வதைக் கேளுங்கள்

ஷோரூமுக்கு நீங்கள் மட்டும் போகாதீர்கள். வீட்டில் அதிக மூட்டு வலி யாருக்கோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பின் சீட்டில் மூன்று முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். சீட் ரொம்பத் தாழ்வாக இருந்தால் "தொப்" என்று விழுவது போல உட்கார வேண்டும். எழும்போது முழங்கால் வலிக்கும். ரொம்ப உயரமாக இருந்தாலும் கஷ்டம்தான். புடவை கட்டிய, உயரம் குறைந்த பாட்டி பெரிய எஸ்.யூ.வி.யில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாற்காலியில் உட்காருவது போல, இறங்கவும் ஏறவும் வேண்டாமல் அப்படியே நகர்ந்து உட்கார முடிந்தால் அதுதான் சரியான உயரம். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, மேலே கைப்பிடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இந்த யோசனை புதிதல்ல. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது, அதன் உயரமான கூரையைப் பலரும் கேலி செய்தார்கள். அடுத்த வருஷமே மாருதியின் வேகன் ஆரும் அதே மாதிரி உயரமாக வந்தது. குட்டி வண்டிதான், ஆனால் தலை இடிக்காது, குனிந்து நுழைய வேண்டாம். வயதானவர்கள் உள்ள வீடுகளில் இந்த வகை வண்டி இன்றும் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து ஓட்டுகிறவரின் கண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். தூரத்தில் லாரியின் நம்பர் பளிச்சென்று தெரியும். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் திரை எழுத்து மங்கும். இன்றைய வண்டிகளில் ஏசி முதல் எல்லாமே தொடுதிரைக்குள் போய்விட்டது. கண்ணாடியைத் தேடிக்கொண்டே ஏசியைக் குறைப்பது ஆபத்து. கையால் தடவியே கண்டுபிடிக்கக்கூடிய திருகு, பொத்தான் உள்ள வண்டி நடுவயதுக்கு நல்லது. டெஸ்ட் டிரைவை ஒரு முறையாவது இருட்டிய பிறகு கேளுங்கள். எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசும்போது உங்கள் வண்டியின் வெளிச்சம் போதுமா என்பது பகலில் தெரியாது.

இடது முழங்கால் வலி உள்ளவர்கள் ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். கொஞ்சம் கூடுதல் விலைதான். ஆனால் மெதுவாக நகரும் சாலையில் நூறு தடவை கிளட்ச் மிதிப்பது மிச்சம்.

ஏழு சீட் ஆசையும் பத்து லட்சம் கோடும்

"எல்லாரும் ஒண்ணா போகலாமே" என்றுதான் ஏழு சீட் வண்டியின் பேச்சு ஆரம்பிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை குலதெய்வம் கோயிலுக்குப் போவதற்காக மற்ற 364 நாளும் பெரிய வண்டியைத் தெருவில் திருப்பிக் கஷ்டப்பட வேண்டாம். அன்றைக்கு மட்டும் வேன் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் டிக்கியில் சக்கர நாற்காலி வைக்க இடம் இருக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட வாழ்நாள் வரியின்படி, புதிய காரின் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். இது முழு விலைக்கும் பொருந்தும். 9,80,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,27,400. அதே வண்டியில் சன்ரூஃப் வைத்த மாடல் 10,20,000 என்றால் வரி 1,83,600. விலை வித்தியாசம் 40,000, வரி வித்தியாசம் 56,200. அந்தக் கண்ணாடி ஜன்னலுக்கு நீங்கள் கொடுப்பது மொத்தம் 96,200 ரூபாய். ஷோரூமில் "ஆன்ரோடு விலை" என்று ஒரே எண்ணைக் காட்டினால் இது தெரியாது. பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.டி.யிலும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட 1200 சி.சி. வரையிலான பெட்ரோல் காருக்கும், அதே நீளத்தில் 1500 சி.சி. வரையிலான டீசல் காருக்கும் 18 சதவீதம். அளவைத் தாண்டினால் 40. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் என்ஜின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897.

மிச்சமாகும் பணத்தைப் பாதுகாப்பில் போடுங்கள். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. பெரியவர்களுக்குத் தனியாக, குழந்தைகளுக்குத் தனியாக நட்சத்திரம் தருவார்கள். இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்களா? பேப்பர்தான் முதல் டெஸ்ட் டிரைவ்

அளவான வருமானத்தில் செகண்ட் ஹேண்ட் நல்ல முடிவுதான். வருஷத்தைப் பார்க்கும்போது விலையை மட்டும் பார்க்க வேண்டாம். 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். 2022-க்குப் பிறகு தயாரான கார் என்றால் முன்னால் இரண்டு பேருக்கும் ஏர்பேக் இருக்கும். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருஷமும் போட்டிருக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம், திருவண்ணாமலை பகுதிகளும் பட்ட பாடு தெரியும். வெளியே பாலிஷ் போட்டுவிடலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சேற்றுக் கோடு இருக்கும். தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். பழைய காப்பீட்டு கிளெய்ம் விவரத்தைக் கேளுங்கள்.

பிறகு வண்டி நம்பரைப் பரிவாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ போடுங்கள். எத்தனையாவது உரிமையாளர், ஃபைனான்ஸ் பாக்கி பதிவாகியிருக்கிறதா, காப்பீடு எதுவரை என்பதெல்லாம் தெரியும். கட்டாத அபராதத்தை இ-சலான் பக்கத்தில் பார்க்கலாம். ஃபைனான்ஸ் காட்டினால் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, அந்தப் பதிவை நீக்கிய பிறகே முழுப் பணம் கொடுங்கள்.

நம் மாவட்டத்தில் பி.ஒய். நம்பர் வண்டி மலிவாகக் கிடைப்பது உண்டு. புதுச்சேரி பதிவு வண்டிக்கு அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ற வாழ்நாள் வரி கட்டி, டி.என். 25 எண்ணுக்கு மாற்ற வேண்டும். இந்தத் தொகையையும் கூட்டிப் பார்த்தால் பல நேரம் மலிவு மறைந்துவிடும். மாற்றாமல் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டுவது சட்டப்படி தவறு. பதினைந்து வருஷம் ஆன காருக்கும் இதே எச்சரிக்கைதான்: பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய், பசுமை வரி தனி.

"அண்ணே, பேர் மாத்துறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே, இப்ப வண்டிய எடுங்க" என்று புரோக்கர் சொல்வார். விற்கிறவரும் வாங்குகிறவரும் இங்கேதான் நிதானிக்க வேண்டும். பெயர் மாற்றாமல் கை மாறிக்கொண்டே போன ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. விற்றுப் பல காலம் ஆகிவிட்டது என்ற வாதம் எடுபடவில்லை.

அதனால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகாமல் சாவி கை மாற வேண்டாம். மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். கார் வியாபாரியிடம் விடுகிறீர்கள் என்றால், 2023 ஏப்ரல் முதல் அவர் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், வண்டியைப் பெற்றுக்கொண்டதை இணையத்தில் பதிய வேண்டும். அந்த ஒப்புகையைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

வெள்ளை போர்டில் வாடகை வேண்டாம்

"பௌர்ணமிக்கு ரெண்டு ட்ரிப் அடிச்சா டியூ வந்துரும்" என்ற கணக்கு இந்த ஊரில் சகஜம். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால் அது பெர்மிட் மீறல். அபராதத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். பயணத்தில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுக்கலாம். அப்போது வீட்டை விற்றுத்தான் இழப்பீடு கட்ட வேண்டி வரும். வாடகைக்கு ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் முதலிலேயே மஞ்சள் போர்டு போட்டு, அதற்குரிய வரி, எஃப்.சி., காப்பீட்டோடு கணக்குப் போடுங்கள்.

உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள்

பைக்குக்கு மட்டும் லைசென்ஸ் வைத்துக்கொண்டு கார் புக் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இலகுரக வாகனம் சேர்ந்திருக்க வேண்டும். 40 வயதைக் கடந்தவர்கள் லைசென்ஸ் எடுக்கவும் புதுப்பிக்கவும் படிவம் 1ஏ-வில் டாக்டரின் சான்று வேண்டும். இதை வெறும் சடங்காக நினைக்காமல் அன்றைக்கே கண்ணையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். 30 முதல் 50 வயதுக்குள் எடுத்தாலோ புதுப்பித்தாலோ 10 வருஷம் செல்லும். 50 முதல் 55-க்குள் என்றால் 60 வயது வரை. அதன் பிறகு ஐந்தைந்து வருஷம். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் ஆர்.சி.யும் லைசென்ஸும் விரைவுத் தபாலில் வீட்டுக்கே வருகின்றன. ஆகவே விண்ணப்பத்தில் கதவு எண், தெரு, பின்கோடு, செல்போன் நம்பர் நான்கும் சரியாக இருக்க வேண்டும். ஆதாரில் பழைய வீட்டு முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கவர் வந்ததும் உங்கள் பெயரின் எழுத்து, என்ஜின் எண், சேசிஸ் எண் மூன்றையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். வண்டி கை மாறிய 14 நாளுக்குள் அந்த நிறுவனத்தில் விண்ணப்பம் கொடுத்து, ரசீதை ஆர்.சி. நகலோடு சேர்த்து வையுங்கள்.