நான்கு மணி நேரக் கணக்குக்கு அப்பால்

உறக்க மருத்துவத்தில் அடியெடுத்து வைக்கும் இளம் மருத்துவருக்கு,

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதால் மூச்சு விட்டுவிட்டு வரும் நோயே உறக்க மூச்சுத்தடை. மூக்கின்மேல் பொருத்திய மாஸ்க் வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி அப்பாதையைத் திறந்தே வைத்திருக்கும் 'சிபாப்' சிகிச்சையை, சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981இல் உலகுக்கு அறிவித்தனர். அணிந்திருக்கும் வரையில்தான் அதற்குப் பலன் உண்டு என்பதால், இரவுதோறும் ஒருவரை அதை விடாமல் அணியச் செய்வதே இத்துறையில் மருத்துவரின் பெரும்பணியாகிறது.

அமெரிக்காவில் 1993இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளிகள் தாம் அணிந்ததாகச் சொன்ன நேரத்தைக் கருவி பதிவுசெய்த நேரத்தோடு ஒப்பிட்டு, சொன்னதைவிட அணிந்தது குறைவு என்பதை வெளிக்கொணர்ந்தது. அதில் பயன்பட்ட அளவுகோலே பிற்பாடு அந்நாட்டு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் விதியாயிற்று. முதல் மூன்று மாதங்களுக்குள், தொடர்ச்சியான ஏதேனும் 30 நாட்களில், 70 விழுக்காடு இரவுகளாவது 4 மணி நேரம் அணிந்திருக்க வேண்டும் என்பது அவ்விதி. காப்பீட்டு நிர்வாகத்துக்கு இக்கணக்கு போதுமானதாக இருக்கலாம், உடலுக்குப் போதாது. கனவுகள் மிகுந்த உறக்கநிலை இரவின் பிற்பகுதியில்தான் அதிகம் என்பதாலும், அப்போது தசைகள் மேலும் தளர்ந்து பலருக்கு மூச்சுத்தடை கடுமையாவதாலும், பத்து மணிக்குப் படுத்து இரண்டு மணிக்கு மாஸ்கைக் கழற்றுபவர் விதிப்படி தேறிவிட்டாலும் நோயின் கடுமையான நேரத்தைச் சிகிச்சையின்றியே கழிக்கிறார்.

அதே நாட்டில் 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், சிகிச்சை வாய்ப்பு ஒரே சீராக அமைந்திருந்தும், கறுப்பின நோயாளிகளும் வசதி குறைந்த பகுதிகளில் வாழ்வோரும் கருவியைக் குறைந்த நேரமே பயன்படுத்தியது தெரியவந்தது. இதைக் கண்டதும் அக்கறையின்மை என்று முடிவு கட்டுவது பெரும் அநீதி. நெரிசலான வீடும், தெருவின் இரைச்சலும், இரவுநேர வேலையும் தூக்கத்தையே சுருக்கிவிடும்போது, ஐந்து மணி நேரம் மட்டுமே உறங்க முடிகிற ஒருவரிடம் ஆறு மணி நேரப் பதிவை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. ஆகவே, எவ்வளவு நேரம் அணிந்தார் என்பதற்கு முன்னதாக, எவ்வளவு நேரம் உறங்கினார் என்பதையே கேட்டறிய வேண்டும்.

பெண்களில் பலர் குறட்டையைச் சொல்லாமல் தூக்கமின்மை, சோர்வு, காலைத் தலைவலி ஆகியவற்றோடு வருவதால் நோயே தாமதமாகத்தான் பிடிபடுகிறது. தூக்கமின்மைக்கும் சேர்த்துச் சிகிச்சை அளிக்காவிட்டால் அவர்கள் மாஸ்கோடு விழித்துக் கிடந்து, சில நாட்களில் அதைக் கைவிட்டுவிடுவர். போர்முனை அதிர்ச்சியிலிருந்து மீளாத முன்னாள் படைவீரருக்கோ முகத்தை எதுவும் மூடுவதே பீதியைக் கிளப்பக்கூடும். அவர் பகல் வேளையில், விழித்திருக்கும்போதே, முதலில் மாஸ்கைக் கையால் முகத்தில் பிடித்துப் பார்க்கவும், பிறகு பட்டையை மாட்டவும், அதன்பின் காற்றோடு சிறிது நேரம் அமர்ந்திருக்கவும், கடைசியாக அதோடு படுக்கவும் பழக்கப்பட வேண்டும். இதற்கு வாரங்கள் பிடித்தாலும் அவசரம் கூடாது.

மாஸ்கின் அளவை நோயாளி நாற்காலியில் அமர்ந்திருக்கையில் பார்த்து அனுப்பும் வழக்கம் இளம் மருத்துவருக்கு வேண்டாம். படுத்ததும் முகத்தசை சரிந்து, ஓரத்தில் கசியும் காற்று கண்ணில் அடிக்கும்; அதைத் தடுக்க நோயாளி பட்டையை இறுக்க, மூக்குத்தண்டில் புண் வரும்; கசிவு நிற்காது. காற்றைத் திறந்துவிட்டு, படுக்கவைத்து, பக்கவாட்டில் புரளச் செய்து பார்த்தால் இவற்றில் பெரும்பகுதியை அன்றைக்கே சரிசெய்யலாம். மூக்கு வறண்டால் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் நீர்த்தொட்டி உதவும்.

பழக்கம் நிலைப்பதும் நழுவுவதும் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுவதால், நோயாளியை அந்த வாரத்திலேயே தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும். அவர் மருத்துவரின் மொழி தெரியாதவரானால், பெற்ற பிள்ளையை நடுவில் நிறுத்தாமல் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வழியே பேசுவது நல்லது. படுக்கையறைச் சங்கடங்களைப் பிள்ளையின் வாயால் எவரும் சொல்லமாட்டார். நோயாளிக் குறிப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதும் இடத்தில், மாஸ்க் எத்தனை மணிக்குக் கழன்றது, எதனால் கழன்றது என்பது எழுதப்பட்டால், அடுத்துப் பார்க்கும் மருத்துவர் அங்கிருந்தே தொடங்க முடியும்.