பால் வருகிறதா என்று பார்

அன்பு மருமகளுக்கு,

புது வீட்டுக் கொல்லையில் ஐப்பசி மழைக்குப் பிறகு முளைத்ததை எல்லாம் படம் பிடித்து அனுப்பி, எதைச் சமைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். குப்பைக்கீரை தெரிகிறது, சாரணை தெரிகிறது. ஆனாலும் படத்தைப் பார்த்து ‘இதைத் தின்னலாம்’ என்று நான் யாருக்கும் சொல்வதில்லை, உனக்கும் சொல்ல மாட்டேன். செடியைக் கிள்ளி, தண்டை ஒடித்து, இலையைத் திருப்பி, முகர்ந்து பார்த்தால்தான் அதைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம். அதை நீயே செய்ய வேண்டும். எப்படி என்று எழுதுகிறேன்.

‘குப்பையில் முளைத்ததையா அடுப்பில் வைப்பது’ என்று அம்மா முகம் சுளித்ததாக எழுதியிருக்கிறாய். அவளைக் குறை சொல்லாதே. அந்தக் கூச்சம் மிகப் பழையது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், வறுமைப்பட்ட பாணன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்ணில் படக்கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். கீரையின் மேல் என்ன குற்றம்? இல்லாமையோடு சேர்த்தே பார்த்துப் பழகிவிட்டோம். நம் கரிசல் பக்கம் மானாவாரிக் காட்டில் களையெடுக்கும்போதே தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் மடியில் சேர்ந்துவிடும். கம்மஞ்சோற்றுக்கு அதுதான் குழம்பு. கையில் நாலு காசு புரண்டதும் முதலில் அவற்றைத்தான் கைவிட்டோம். எனக்கு அதில் ஆறாத வருத்தம். இன்று பண்ணைக்கீரையைக் காட்டினால் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

நீ இந்த மழைக்கு ஒரே ஒரு கீரையை எடுத்துக்கொள். குப்பைக்கீரை போதும். தண்டுக்கீரை, முளைக்கீரை இனம்தான் இதுவும். காம்பு நீளமாக இருக்கும், இலை நுனியில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும், உச்சியில் பச்சைக் கதிர் விடும். இலைக்கணுவில் முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. இளசாக இருக்கையில் அதையும் தின்னலாம், கை பத்திரம். உச்சிக் கொழுந்தைக் கிள்ளினால் பக்கத்தில் மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்காதே. ஒரு செடியை மட்டும் தொடாமல் விட்டுவை. அது கதிர் விட்டு, கறுப்பாக மினுங்கும் விதை உதிர்க்கும் வரை போய்ப் போய்ப் பார். இளஞ்செடியாக, பூவாக, விதையாக மூன்று நிலையிலும் பார்த்த பிறகு, அடுத்த மழையில் அது எந்த மூலையில் முளைத்தாலும் உன் கண்ணுக்குத் தப்பாது. அதன் பிறகு அடுத்த கீரைக்குப் போ.

தரையில் படர்கிற செடிகளில்தான் தடுமாற்றம் வரும். பருப்புக்கீரைக்கு இலையும் தண்டும் சதைப்பற்று. தண்டு சிவந்திருக்கும், பூ மஞ்சள், மென்றால் லேசாகப் புளிக்கும். அதை ஒட்டியே அம்மான் பச்சரிசியும் அதன் இனத்துச் சின்னச் செடிகளும் படர்ந்து கிடக்கும். அவை வைத்தியர் கையில் இருக்க வேண்டியவை, சட்டி நிறையக் கடைகிற கீரை அல்ல. வாயில் வைப்பதற்கு முன் தண்டை ஒடி. வெள்ளையாகப் பால் கசிந்தால் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவு. எருக்கு, கள்ளி, மஞ்சள் அரளி எல்லாமே பால் வடிப்பவை. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, பால் வராததெல்லாம் நல்லது என்று முடிவு கட்டிவிடாதே. ஊமத்தையில் பால் கிடையாது. இலை, விதை எல்லாமே நஞ்சு. குன்றிமணியும் ஆமணக்கு விதையும் அப்படியே. வேலியில் இலை நுனி சுருண்டு கம்பைப் பற்றி ஏறுகிறதே செங்காந்தள், நம் மாநிலப் பூ, அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். அதிலுள்ள கோல்ச்சிசினை அளந்து கொடுத்தால் கீல்வாத மருந்து. அதற்காக ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கிழங்கு தோண்டுவதை நீ இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.

எங்கே முளைத்தது என்பதும் முக்கியம். சாக்கடைத் தண்ணீர் பாயும் இடம், வண்டி நிறுத்துமிடம், களைக்கொல்லி அடித்த தரை, பழைய பெயிண்ட் உதிர்ந்து கிடக்கும் சுவரடி ஆகிய இடங்களில் பறிக்காதே. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். மண்ணிலிருந்து அதைக் கீரைகள் உறிஞ்சிக்கொள்ளும். இலையில் ஒட்டிய மண்ணைக் கழுவலாம், உள்ளே ஏறியதைக் கழுவ முடியாது.

சமையலுக்கு வருகிறேன். கீரையைத் தண்ணீரில் அலசி அலசி, அடியில் மண் தங்குவது நிற்கும் வரை விடாதே. மண்சட்டியில் கொஞ்சம் தண்ணீர், சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம் போட்டு, கொதி வந்ததும் கீரையைப் போடு. மூடாதே. கீரையிலிருந்து வெளிவரும் புளிப்பு ஆவியோடு போகட்டும், அப்போதுதான் பச்சை நிறம் மங்காது. புளி சேர்ப்பதானால் கடைசியில் சேர் என்பதும் அதனால்தான். மத்தால் கடைந்து நல்லெண்ணெயில் தாளி. எண்ணெய் ருசிக்கு மட்டுமல்ல. கீரையிலுள்ள கரோட்டீன் எண்ணெயில் கரைந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். சாரணையும் பருப்புக்கீரையும் ஆக்சலேட் மிகுந்தவை. அவற்றை நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பருப்போடு சேர்த்துக் கடை. சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்களுக்கு அவற்றைக் கொடுக்காதே.

பச்சையாக அரைத்துக் குடிக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது, நீயும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். நம் வீடுகளில் ‘மல்டி வைட்டமின் கீரை’ என்று தொட்டியில் வைக்கிறார்களே தவசிக்கீரை, அதைச் சமைத்துப் பொரியலாகத் தின்பவர்கள் தென்கிழக்கு ஆசியாவில் ஏராளம். ஆனால் 1990களில் தைவானில், உடம்பு இளைக்கும் என்று நம்பி அதைப் பச்சைச் சாறாக வாரக்கணக்கில் குடித்தவர்களுக்கு நுரையீரல் பழுதானது. சிலர் இறந்தும் போனார்கள். கீரை மாறவில்லை. அளவும் பக்குவமும் மாறின. பெரியவர்கள் ஒரு கீரையை எப்படிச் சமைத்தார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கற்க வேண்டும்.

இதைப் பிரண்டை போலச் சொல்லித்தருகிற செடி வேறில்லை. தண்டு நாலு பட்டையாக இருக்கும். பச்சையாகக் கடித்தால் நாக்கும் தொண்டையும் அரித்துத் தள்ளிவிடும். உள்ளே கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகப் படிந்திருப்பதுதான் காரணம்; சேம்பும் கருணையும் அரிப்பது இதனால்தான். அதனால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, நுனியில் இளசாக ஒடிகிற கணுக்களை மட்டும் எடு. முற்றியது நார். பட்டை ஓரத்து நாரை உரித்துப் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, பச்சை நிறம் போய்ச் சுருளும் வரை பொறுமையாக வதக்கு. இதில் அவசரப்பட்டால் அரிப்பு போகாது. உளுத்தம்பருப்பு, மிளகாய் வத்தல், பெருங்காயம் தனியே வறுத்து, சுட்ட புளியும் கொஞ்சம் தேங்காயும் உப்பும் வைத்து அம்மியிலோ மிக்ஸியிலோ கெட்டியாக அரை. புளியைக் குறைக்காதே. சுடுசோற்றில் போட்டு எண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால் வேறு குழம்பு கேட்க மாட்டாய்.

நீ அனுப்பிய படங்களில் பிரண்டை இல்லை. அடுத்த வாரம் அங்கு வருகிற உன் மாமாவிடம் கணுவுள்ள துண்டுகளைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிடுகிறேன். வெட்டுவாய் உலர ஓரிரு நாள் நிழலில் போட்டுவிட்டு, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி வேலியோரம் ஊன்று. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், மேட்டுப் பக்கமாகப் பார்த்து வை.

அன்புடன்,
அத்தை